கொடி சுற்றும் பக்கம்

கோபம் வந்தால் செண்பகவல்லி கத்தமாட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்வே வேலிக்குப் போய்விடுவாள். மும்பையில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அவள் குடியிருக்கும் சந்தில் பதினாறு வருஷமாக எல்லோருக்கும் இது தெரியும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவள் விறுவிறுவென்று நடந்தால், "செம்பகம் வேலிக்குப் போறா, இன்னைக்கு யாரு என்ன சொன்னாவளோ" என்று பேசிக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் அடுப்பைப் பற்றவைப்பாள்.

"என்னையக் கட்டுனதுக்கு நீ அந்த வேலியக் கட்டியிருக்கலாம்" என்பான் அவள் புருஷன் செல்வம்.

"கட்டியிருக்கலாம்தான். அது குடிச்சிட்டு வராது" என்பாள்.

முதல் தடவை அவள் அங்கே போனது கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம். குழாயடியில் அவள் வைத்திருந்த குடத்தை ஒருத்தி காலால் தள்ளிவிட்டு, "நேத்து வந்தவளுக்கு வரிசை தெரியுமா" என்றாள். செண்பகவல்லிக்குப் பதில் வரவில்லை. கோபம் வருகிற வேகத்துக்கு அவளுக்கு வார்த்தை வராது, தொண்டையிலேயே நின்றுகொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எட்டாம் வகுப்போடு "போதும், வீட்ல இரி" என்று அப்பா படிப்பை நிறுத்தியபோதும் அப்படித்தான் வாயடைத்து நின்றாள். அன்றைக்குக் குடத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தாள். எங்கே போகிறோம் என்று தெரியாது. கடைசியில் தண்டவாளத்து வேலி வந்தது. அதற்குமேல் போக வழியில்லை. அதனால் நின்றாள்.

வேலிக் கம்பியில் ஒரு கொடி. ஊதாப் பூ. ஐந்து விரலை விரித்த மாதிரி இலை. மும்பையில் ரயில் போகிற இடமெல்லாம் சுவரிலும் குப்பைமேட்டிலும் படர்ந்து கிடக்கிற கொடிதான். யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. அன்றைக்கு அழுதுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்க வேறு ஒன்றும் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு சேதி கிடைத்தது. மாமியார் அவள் வைத்த குழம்பை வாசலில் கொட்டிய அன்று, மொட்டு என்பது முறுக்கி மடக்கிய குடை என்று கண்டாள். செல்வம் குடித்துவிட்டு வந்து டிபன் டப்பாவை எறிந்த மறுநாள், கருவண்டு ஒன்று பூவின் வாய்வழியாகப் போகாமல் அடியில் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சுவதைப் பார்த்தாள். "திருட்டுப்பயல" என்று அதைத் திட்டினாள். திட்டியதும் கொஞ்சம் ஆறியது. எதையும் பற்றாத இளநுனி காற்றில் சும்மா ஆடுகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாள். அதுவும் சும்மா ஆடவில்லை. அவள் வந்தபோது சிக்னல் கம்பத்தைக் காட்டிக்கொண்டிருந்த நுனி, பத்துப் பன்னிரண்டு ரயில் போனபிறகு அவளையே காட்டிக்கொண்டிருந்தது. பிடிக்க ஒரு கம்பி கிடைக்குமா என்று அது வட்டம் போட்டுத் தேடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் கண்டாள். பற்றிக்கொண்ட கொடி எல்லாமே ஒரே பக்கமாகத்தான் சுற்றியிருந்தது. கம்பிக்கு முன்னால் நின்று பார்த்தால் இடது கீழிருந்து வலது மேலாக ஏறும். எந்தக் கம்பியில் பார்த்தாலும் அப்படித்தான். ஒருநாள் வீம்புக்கு ஒரு நுனியைப் பிரித்து எதிர்ப்பக்கமாகச் சுற்றி நூலால் கட்டிவிட்டு வந்தாள். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், கட்டுக்கு மேலே இருந்த நுனி தன் பக்கத்துக்கே திரும்பிச் சுற்றியிருந்தது.

"ஒனக்கு இருக்க ரோசம் எனக்கு இல்லியே" என்று சொல்லிவிட்டு நூலை அவிழ்த்துவிட்டாள்.

அவளுக்கு வேலை இனாயத்துல்லா பாயின் ஜரிப் பட்டறையில். கார்கானா என்பார்கள். தாராவியில் ஒரு தகரப் படிக்கட்டு ஏறினால் வருகிற மாடி. துணியில் ஜரி தைப்பதற்கு முன்னால் படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தவேண்டும். குத்திய தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் படம் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். அதன்மேல் ஆட்கள் தைப்பார்கள். அந்தக் குத்துகிற வேலைதான் செண்பகவல்லிக்கும் அவளுடைய சிநேகிதி சஃபீனாவுக்கும்.

கழுத்தானாலும் கையானாலும் அங்கே பாதிப் படம்தான் வரைவார்கள். மறுபாதிக்கு அதே தாளைப் புரட்டிப் போட்டுத் தேய்த்தால் சரிக்குச் சரியாக வந்துவிடும். இந்தப் பக்கம் மயில் வலது பார்த்தால் அந்தப் பக்கம் மயில் இடது பார்க்கும். தொழிலில் எல்லோரும் செய்வது அது. பாதி வேலை மிச்சம்.

பன்னிரண்டு வருஷம் செண்பகவல்லி அடுத்தவர் வரைந்த மயிலைக் குத்தினாள், மாங்காயைக் குத்தினாள், மறுபடி மயிலைக் குத்தினாள். பாயின் தங்கை மகன் ராஹில் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தபிறகு அதே மயில் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அவ்வளவுதான் மாற்றம். ஒருநாள் ராஹில் எல்லோர் முன்னாலும், "ஆன்ட்டி, நீங்க லைனை மட்டும் ஃபாலோ பண்ணுங்க, திமாக் லகானா மேரா காம்" என்றான். மூளையைப் போடுவது தன் வேலையாம். அன்றைக்கு வேலிக்குப் போய்விட்டு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், மிச்சமாகக் கிடந்த ஒரு துண்டுத் தாளை எடுத்துப் போட்டு, பென்சிலே வைக்காமல் ஊசியால் குத்த ஆரம்பித்தாள். கம்பி. கம்பியைச் சுற்றிக் கொடி. முறுக்கின மொட்டு. ஒன்றையும் பற்றாத நுனி. பார்த்துப் பார்த்துக் கண்ணில் ஊறியிருந்ததால் கை தடுமாறவில்லை. தலைக்குள் இருந்த இரைச்சல் ஒவ்வொரு குத்துக்கும் குறைந்துகொண்டே வந்தது. நிமிர்ந்தபோது டப்பாவில் சோறு காய்ந்துபோயிருந்தது.

சஃபீனா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டைகள் வழியாகக் கொடி தெரிந்தது.

"யக்கா, இது நம்ம வேலிக் கொடில்லா! என்ன யக்கா இது, கைய வச்சா சுத்திக்கிடும் போலருக்கு."

வெட்கப்பட்டுத் தாளைப் பிடுங்கப் போனாள் செண்பகவல்லி. சஃபீனா கொடுக்காமல் நேராகப் பாயிடம் கொண்டுபோய்விட்டாள்.

செம்பூரில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு மேடத்திடமிருந்து அப்போது ஒரு கல்யாண ஆர்டர் வந்திருந்தது. முன்பக்கம் திறந்த நீள அங்கி. இரண்டு முன்பாதியிலும் கீழிருந்து தோள்வரை ஏறுகிற வேலைப்பாடு வேண்டும், மயிலும் மாங்காயும் வேண்டவே வேண்டாம் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பாய் தாளைப் பார்த்தார். போட்டோ எடுத்து அனுப்பினார். கால் மணி நேரத்தில் சரியென்று பதில் வந்தது.

"செண்பகம், நீயே பெருசா வரஞ்சி குத்திக் குடும்மா" என்றார்.

செண்பகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"பாய், ஒண்ணு. இதப் புரட்டப்பிடாது. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா வரஞ்சி குத்தித் தாரேன்."

"எதுக்கும்மா ரெட்ட வேல?"

"கொடி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சுத்தும். புரட்டுனா சுத்து மாறிப்போவும்."

"சரி, சரி. ஒன் இஷ்டம்" என்று தலையாட்டினார்.

இடப்பக்கத்துத் தாள் முடிந்தது. தையல் ஆட்களில் ஒருவனான சைஃப் தைக்க உட்கார்ந்தான். வலப்பக்கத்துத் தாள் பாதி ஆகியிருக்கும்போது செண்பகவல்லிக்குக் காய்ச்சல் அடித்தது. நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் தலைசுற்றலோடு தகரப் படி ஏறிப் போனாள்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் வலப்பக்கம் முக்கால்வாசி முடிந்திருந்தது. அவளுக்கு முதலில் என்ன தப்பென்று தெரியவில்லை. அப்புறம்தான் கண் பிடித்தது. கொடி வலது கீழிருந்து இடது மேலாக ஏறிக்கொண்டிருந்தது. மொட்டின் முறுக்குக்கூட மாறியிருந்தது.

"தாள யாரு புரட்டுனா?"

"மைனே கியா, நான்தான், ஆன்ட்டி" என்றான் ராஹில், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "டெலிவரி சண்டே. நீங்க ஃபீவர்ல இருக்கீங்க. என்ன செய்றது? சிமெட்ரி பர்ஃபெக்ட்டா வந்திருக்கு, பாருங்க."

"சுத்து மாறியிருக்கு."

"என்ன சுத்து?"

"கொடி சுத்து."

ராஹில் சிரித்தான். "கொடி போய் கோர்ட்ல கேஸ் போடுமா, ஆன்ட்டி?"

சட்டத்தைச் சுற்றி இருந்தவர்கள் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார்கள். சஃபீனா சிரிக்கவில்லை. பாய் சமாதானமாகப் பேசினார்: "கல்யாணத்துக்கு வாறவுக பிரியாணியப் பாப்பாக, பொண்ணு நகையப் பாப்பாக. கொடி எந்தப் பக்கம் சுத்துதுன்னு யாரும்மா பாக்கப் போறா?"

"நாம் பாத்துட்டம்லா பாய்!"

அந்தச் சத்தம் அவளுக்கே புதுசு. தொண்டையில் பதினாறு வருஷமாக, அதற்கு முன்னாலும் பல வருஷமாக, நின்றிருந்தது எல்லாம் ஒரே தள்ளாக வந்தது.

"ஒங்க மயிலக் குத்துனேன். மாங்காயக் குத்துனேன். ஒருக்கா ஒத்தக்கால் மயில் வரஞ்சி தந்தீய, அதையும் குத்துனேன். இன்னொரு கால் எங்கன்னு கேட்டனா? ஒங்க வேலயில நான் வாயத் தொறந்தனா? இது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். சரின்னு தலையாட்டுனீயளா இல்லியா? இங்க எல்லாரும் பாத்தாவளா இல்லியா?"

நூல் வெட்டுகிற பிளேடு சட்டத்து ஓரத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்து, குனிந்து, புரண்டு கிடந்த கொடியில் ஒரு சுற்றையும் அதில் ஒட்டியிருந்த ஒரு இலையையும் அறுத்தாள். ஜரி பிரிந்து சுருண்டது. அடுத்த இலைக்குப் பிளேடு போனபோது ஒரு கை வந்து துணிமேல் விரிந்து படுத்துக்கொண்டது. சைஃபின் கை. விரல்நுனியெல்லாம் ஊசி குத்திக் கறுத்த கை.

"தீதி, ருக்கோ. மேரே தீன் தின் ஹைன் யே" என்றான். நிறுத்து அக்கா, இது என்னுடைய மூன்று நாள் என்றான். "முஜே கிஸ்னே பதாயா?" என்றும் கேட்டான். எனக்கு யார் சொன்னார்கள்?

யாரும் சொல்லவில்லைதான். கொடுத்த தாளில் அவன் ஒழுங்காகத் தைத்திருந்தான். தப்பான பக்கம் சுற்றினாலும் ஒவ்வொரு இலையும் உயிரோடு இருந்தது. அவள் பன்னிரண்டு வருஷம் எப்படி உட்கார்ந்திருந்தாளோ அப்படித்தான் அவனும் உட்கார்ந்திருக்கிறான். பிளேடைக் கீழே வைத்தாள். யார்மேல் கோபமோ அவர்கள் ஆளுக்கொரு நாற்காலியில் சௌகரியமாக இருந்தார்கள்.

இரண்டு தாளையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.

"அத வச்சிட்டுப் போ" என்றார் பாய். இப்போது அவர் குரலும் ஏறியிருந்தது. "கார்கானா தாளு அது."

"தாளு ஒங்களுது. குத்துனது நானு. தாளு வேணும்னா கடையில வெள்ளையா வாங்கித் தாரேன்."

"அப்படின்னா நாளையிலேர்ந்து வராத!"

"வரல."

வழக்கம்போல் வேலிக்குத்தான் போனாள். வேலியில் ஒன்றும் இல்லை. மழைக்கு முன்னால் தண்டவாளம் சுத்தம் செய்கிறவர்கள் வந்து கொடி எல்லாவற்றையும் அறுத்து, குவித்து, கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வருஷா வருஷம் செய்வதுதான், அவளுக்கும் தெரியும். ஆனாலும் இன்றைக்கா? கம்பியில் கருகின சுருள்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. "நீயும் போயிட்டியா" என்று உரக்கக் கேட்டாள். ஒரு ரயில் வந்தது. அந்த இரைச்சலில் வாய்விட்டுக் கத்தினாள். ராஹிலை, பாயை, அப்பாவை, குடத்தைத் தள்ளினவளை எல்லாம் பேர் சொல்லிக் கத்தினாள். பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரயில் போனதும் நிறுத்திக்கொண்டாள். கிட்டப் போய்க் கருகின சுருளைப் பார்த்தாள். தீயில் வெந்தும் அது இடது கீழிருந்து வலது மேலாகத்தான் சுற்றியிருந்தது.

வீட்டுக்கு வந்து பாதியில் நின்ற வலப்பக்கத்துத் தாளை விரித்து மிச்சத்தையும் குத்தி முடித்தாள். யாரும் கேட்கவில்லை. எதற்கென்றும் தெரியாது. முடித்துவிட்டுத்தான் சோறு வடித்தாள்.

அங்கி அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அவள் அறுத்த இடத்தை சைஃப் திரும்பத் தைத்தான். எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று சஃபீனாவைக் கேட்டு, அந்த ஒரு சுற்றை மட்டும் சரியாகத் தைத்தானாம். சஃபீனா வந்து சொன்னபோது செண்பகவல்லி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். செல்வம், "ஒரு கொடிக்காவ யாராவது வேலைய விடுவாவளா?" என்று தினமும் கேட்டான். நான் விட்டேன் என்று தினமும் சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்டபிறகு சஃபீனா சிரித்துக்கொண்டே வந்தாள். "யக்கா, செம்பூர் மேடம் அதே மாதிரி இன்னும் அஞ்சு கேட்டாவளாம். தாளு இல்லியே! ராஹில் போட்டோவப் பாத்து வரஞ்சான். நீங்க பாக்கணும் அத. சேமியாவத் தட்டுல கொட்டுன மாதிரி இருக்கு. மேடம் திருப்பி அனுப்பிட்டாவ."

மறுநாள் பாயே குடையும் கையுமாகச் சந்துக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. நின்றுகொண்டே, "கோவத்துல சொன்னத மனசுல வைக்காத செண்பகம்" என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பாவம், சேற்றில் பைஜாமாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார். சந்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். செம்பகம் முதல் தடவையாக வேலிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறாள்!

கருகின அடியிலிருந்து புதுக் கொடி முளைத்து முழங்கால் உயரம் ஏறியிருந்தது. அவள் கம்பிகளைக் காட்டினாள். ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு. பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு நுனியைப் பிரித்து எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டார். கையை எடுத்ததும் அது நழுவி விழுந்தது.

"அட" என்றார். விழுந்த நுனியைப் பார்த்துக்கொண்டே, "இதுக்காவா இம்புட்டும்?" என்றார்.

"இதுக்குத்தான்."

அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று சொல்லமுடியாது. தாள் அவளிடம் இருக்கிறது என்பது மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது.

"என்ன செய்யணும், சொல்லு."

"புரட்டப்பிடாது. தைக்கிற ஆளுகிட்டயும் அதச் சொல்லணும். மயிலு மாங்கா இனி நாங் குத்தமாட்டேன்."

மழையில் நின்று யோசித்தார். தலையாட்டினார்.

"தலையாட்டுனது போதாது பாய். வாயால சொல்லுங்க."

"புரட்டமாட்டோம்" என்றார் இனாயத்துல்லா.

இது நடந்து ஒன்றரை வருஷமாகிறது. செண்பகவல்லி அதே கார்கானாவில்தான் இருக்கிறாள். வேலியில் பார்த்ததை வரைகிறாள், அதைக் குத்துகிறாள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு தாள். துணியில் வெட்டுப்படுகிற ஓரத்தில் 'செண்பகம்' என்று சின்னதாகக் குத்திவைக்கிறாள், புரட்டினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று. ராஹிலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, யே சீதா ஹை க்யா?" என்று கேட்கவேண்டியிருக்கிறது. அவள் அவனைக் கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டுத்தான் நேர்தான் என்று சொல்வாள். துணி வெட்டும்போது அந்தப் பெயர் போய்விடும். மேடத்தின் கடையில் யார் வரைந்தது என்று எங்கும் எழுதியிருக்காது. மற்ற கார்கானாக்காரர்கள் போட்டோவைப் பார்த்து அதே கொடியைக் காப்பியடித்து, புரட்டித்தான் தைக்கிறார்கள். போன வாரம் கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணின் ஜாக்கெட் கையில் அவளுடைய கொடி தப்பாகச் சுற்றியிருந்தது. வந்த பஸ்ஸில் ஏறாமல் வேலிக்கு நடந்தே போனாள். கொடி பூத்திருந்தது, கருவண்டு திருடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனாள்.